நம் குழாய் நீர் கடின நீரா?

“எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கடின நீர்; அதனால்தான் சட்டை பழுப்பேறுகிறது, முடி கொட்டுகிறது, கேத்தலின் அடியில் கசடு தங்குகிறது” என்று பெற்றோர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். வீட்டில் புழங்கும் நீரைப் பற்றி அக்கறை கொள்வது போற்றத்தக்கதே. எனினும், ‘கடின நீர்’ என்னும் சொல்லுக்கு அறிவியலில் திட்டமான பொருள் ஒன்று உண்டு. அழுக்கு நீர் எல்லாம் கடின நீர் ஆகிவிடாது. கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் நீர் மிகக் கடினமானதாக இருக்கலாம். செந்நிறமாய்க் கலங்கி வரும் நீர் மிக மென்மையானதாகவும் இருக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த குடியிருப்புகளிலும் நாம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து வாங்குவாரைப் போல, நீரின் குறை இன்னதென்று அறியுமுன் மாதத் தவணையில் விலையுயர்ந்த கருவிகளை வாங்கி மாட்டிவிட்டு, பின்னர்ச் சட்டையின் பழுப்பு அப்படியே இருப்பது கண்டு வருந்துவோர் நம்மிடையே உளர். அவர்கள் பொருட்டே இக்கட்டுரை.

நீரின் கடினத்தன்மை என்பது யாது? மழை நீர் வானத்திலிருந்து விழும்போது அதில் உப்புகள் மிகமிகக் குறைவு. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு அது நிலத்துள் இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் நீர் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகிறது. வழியில் சுண்ணாம்புக்கல் இருக்குமாயின் அந்நீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இவ்வாறு நீரில் சேரும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம்.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறிக் குகைக்குள் நுழைந்ததும் தலையை உயர்த்திப் பாருங்கள். கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப் போலக் கற்கள் தொங்குவதைக் காணலாம். மலையினூடே கசிந்து வரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, குகையின் கூரையில் சொட்டாக நின்று, தன்னிடமிருந்த கரியமில வாயுவைக் காற்றில் விட்டுவிடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பு கரைந்திருக்க இயலாமல் அங்கேயே படிகிறது. சொட்டுச் சொட்டாகப் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்ததே அந்தக் கல் விழுது. கடின நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் ஓட்டைப் போல வெண்மையாகப் படிவதும் இதே சுண்ணாம்புதான். குகையில் நெடுங்காலம் பிடிக்கும் வேலையை அடுப்பு சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது.

மாணவர்கள் இதனை வகுப்பிலேயே கண்டறியலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் பட்டாணியளவு எடுத்து ஒரு போத்தல் நீரில் கலக்கி, ஓரிரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வடித்துக்கொள்க. அதனுடன் அதே அளவு மழை நீரைச் சேர்த்து, உறிஞ்சு குழலால் மெல்ல ஊதுக. (ஊத வேண்டுமேயன்றி உறிஞ்சலாகாது, சுண்ணாம்பு நீர் வாயைப் புண்ணாக்கும். ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும்.) முதலில் நீர் பால்போல் வெளுக்கும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெண்மை மெல்ல மறைந்து நீர் மீண்டும் தெளியும். தெளிந்தது கண்டு சுண்ணாம்பு போய்விட்டது என எண்ண வேண்டா. அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. இதுவே கடின நீர். இதனைக் கொதிக்க வைத்தால் மறுபடியும் வெளுக்கும். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூன்றாம் நிலையைக் காணும் வரை பொறுமையுடன் ஊதுவதில்லை என்பது வேறு செய்தி.

இப்பொழுது மூன்று சிறு போத்தல்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மழை நீரும், மற்றொன்றில் பள்ளிக் குழாய் நீரும், மூன்றாவதில் நாம் செய்த கடின நீரும் சம அளவில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் கட்டிச் சவர்க்காரத்தின் சீவலைச் சம அளவில் இட்டுக் குலுக்குக. மழை நீர் உடனே நுரைக்கும். குழாய் நீரும் ஏறக்குறைய அதைப்போலவே நுரைக்கும். மூன்றாவதில் நுரை எழாது. தயிர் திரிந்தாற்போல வெண்திரை மிதக்கும். சவர்க்காரம் முதலில் சுண்ண உப்புடன் சேர்ந்து அத்திரையாக மாறி வீணாகிறது. உப்பு முழுவதும் தீர்ந்த பின்னரே நுரை பிறக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்னும் வேதியியல் பேராசிரியர் 1841-ஆம் ஆண்டில் இந்த நுரையையே அளவுகோலாகக் கொண்டு நீரின் கடினத்தை அளக்கும் முறையை வகுத்தார்.

கடினத்தன்மையை ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் சுண்ண உப்பு உள்ளது என்று கணக்கிடுவர். 60 வரை மென்னீர். 61 முதல் 120 வரை ஓரளவு கடினம். 121 முதல் 180 வரை கடினம். 180-க்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாக வழங்கும் வகுப்பு. குடிநீரில் 500 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. இந்தியாவில் 200 வரை ஏற்றது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்துள்ளனர்.

வீட்டுக் கணக்கில் இதனைப் பார்ப்போம். ஒரு கிராம் சுண்ண உப்பு ஏறத்தாழ 6 கிராம் சவர்க்காரத்தை வீணாக்கும். 300 மில்லிகிராம் கடினமுள்ள நீரைப் பத்து லிட்டர் வாளியில் நிரப்பினால் அதில் 3 கிராம் உப்பு இருக்கும். ஆகவே, ஒரு சட்டையைக்கூட நனைப்பதற்கு முன்பே 18 கிராம் சவர்க்காரம் பாழ். அதே வாளியில் 30 மில்லிகிராம் கடினமுள்ள மென்னீர் இருந்தால் வீணாவது இரண்டு கிராமுக்கும் குறைவு. இக்காலச் சலவைத்தூள்கள் கடின நீரிலும் திரியாதவாறு செய்யப்படுகின்றன. ஆகையால் இந்த வேறுபாடு இன்று முன்போல் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

கடின நீரில் பருப்பும் எளிதில் வேகாது. கால்சியம் பருப்பின் தோலை இறுகச் செய்துவிடும். தமிழகத்தில் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர் என்று இரு குடங்கள் வைத்துப் பிரித்தாளும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புப் பாறையின் மீதே அமைந்தது. அங்குக் கிணற்று நீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. இராமநாதபுரத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரும், யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமாராகவும் இரயில்வே ஊழியராகவும் சிரம்பானுக்கு வந்தோரும் கடின நீரை நன்கறிந்தவர்கள். ‘கடின நீர்’ பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் வழிவழியாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பேச்சு கடல் கடந்து வந்தது, நீர் வரவில்லை.

இங்குள்ள நீர் எங்கிருந்து வருகிறது? தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவாங்சா மலைத்தொடர் தெற்கே நம் மாநிலத்தினுள் இறங்கி வருகிறது. அங்சி மலையும் தெலாப்பாக் பூரோக் மலையும் அதன் பகுதிகளே. இம்மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் எளிதில் கரையாது. அதில் சுண்ணச்சத்தும் குறைவு. எனவே காட்டில் பெய்யும் மழை கருங்கல்லின் மீது வழிந்து ஓடையாகி, சுங்கை திரிப், கெலிஞ்சி முதலிய அணைகளில் தேங்கும்போது ஏறக்குறைய மழை நீராகவே இருக்கிறது. கோயம்புத்தூரார் தங்கள் சிறுவாணி நீரின் சுவையைப் பற்றிப் பெருமையுடன் பேசுவர். அதுவும் மலைக்காட்டில் பெய்த மழையே. நம் குழாயில் வருவது அந்த இனத்தைச் சேர்ந்த நீர்தான்; நாம்தான் அதற்குரிய பெருமையைத் தருவதில்லை.

ஐயமுள்ளோர் தம் வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்க்கலாம். ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்பு மலைகளின் அடியிலுள்ள கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெண்ணிறமான கெட்டிப் படிவு உண்டாகும். நம் கேத்தல்களில் காணப்படுவதோ மெல்லிய பழுப்புப் படலம். அது சுண்ணாம்பு அன்று; இரும்பும் வண்டலுமாகும். “குளித்த பிறகும் சவர்க்காரம் போகவில்லை, உடம்பு வழுக்குகிறது” என்னும் குறையும் மென்னீரின் அடையாளமே. சவர்க்காரம் திரியாமல் முழுவதும் கரைந்து தோலின்மேல் நிற்பதால் அந்த வழுவழுப்பு. சவர்க்காரத்தைக் குறைத்துப் பூசிக்கொண்டால் போதும். பருப்பு வேகவில்லை என்றாலும் நம் ஊரில் தண்ணீரின்மேல் பழி போடுவதற்கு இடமில்லை. கடைக்காரரிடம் பருப்பு எந்த ஆண்டுக்குரியது என்று கேட்டல் நலம்.

மென்னீர்க்கும் ஒரு குறை உண்டு. அதுவே நம் தொல்லைகளுக்கு மூலம். உப்பு குறைந்த, சிறிது அமிலத்தன்மையுள்ள நீர் பசித்த நீர். தன்னைத் தொடும் உலோகத்தைக் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. கடின நீர் குழாயின் உட்புறத்தில் மெல்லிய சுண்ணப் பூச்சைப் படிய விட்டு அதனைக் காக்கும். மென்னீர் அவ்வாறு செய்வதில்லை.

இதற்குப் புகழ்பெற்ற சான்று கிளாஸ்கோ நகரம். அந்நகருக்கு 1859-ஆம் ஆண்டு முதல் லோக் காட்ரின் என்னும் மலை ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. மிக மென்மையான நீர். சவர்க்காரச் செலவு குறைந்தது என்று நகரத்தார் மகிழ்ந்தனர். ஆனால் வீடுகளில் இருந்தவை காரீயக் குழாய்கள். (நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுத்த ஈயம் வேறு, காரீயம் வேறு, காரீயம் நஞ்சு.) மென்னீர் அக்காரீயத்தைக் கரைத்துக் குடிப்போர் உடலில் சேர்த்தது. 1978-ஆம் ஆண்டில் அந்நீருடன் சுண்ணாம்பு சேர்த்து அதன் அமிலத்தன்மையைக் குறைத்த பின்னரே காரீயத்தின் அளவு தணியத் தொடங்கியது. நம் பழைய இரப்பர்த் தோட்டங்களின் துரைமார்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர். அவர்கள் தம் நாட்டு நீரின் இனத்தையே இங்கும் பருகினர் எனலாம்.

நம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. பிற நாடுகளில் செலவு செய்து நீரிலிருந்து சுண்ணத்தை எடுக்கின்றனர். இங்கே செலவு செய்து போடுகின்றனர்! ஆற்று நீரிலுள்ள மண் துகள்கள் மிக நுண்ணியவை; தாமாகப் படியா. அவற்றை ஒன்று சேர்த்துக் கீழே இறக்கப் படிகாரம் இடுவர். நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிவிக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இதற்காகவே. படிகாரம் நீரின் அமிலத்தன்மையைச் சற்றே கூட்டும். அதனைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது. அதன்பின் மணல் வடிகட்டி. இறுதியில் கிருமிகளை அழிக்கக் குளோரின்.

நிலையத்தை விட்டுப் புறப்படும்போது நீர் தெளிவாகவே இருக்கிறது. பின் நம் வாளியில் ஏன் சிவப்பு? வழியில் உள்ளது இரும்பு. பல தோட்டங்களில் லயங்களுக்குச் செல்லும் குழாய்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்தவை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். மென்னீர் முதலில் துத்தநாகப் பூச்சைத் தின்கிறது. பின்னர் இரும்பைத் தொடுகிறது. இரவு முழுவதும் குழாயில் அசையாது நின்ற நீரே அதிகாலையில் முதல் வாளியில் செந்நிறமாக வருகிறது. நீர் வெட்டு முடிந்து மீண்டும் திறந்துவிடும்போது நிலைமை இன்னும் மோசம். வெற்றுக் குழாயில் வேகமாகப் பாயும் நீர், சுவரில் ஒட்டியிருந்த துருவையும் கரிய மாங்கனீசுப் படிவையும் சுரண்டிக்கொண்டு வரும். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வறட்சியால் நம் மாநிலத்தில் நீர் நெருக்கடி ஏற்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதுபோன்ற வேளைகளில் நீர் திரும்பியதும் துணி துவைப்பது பெரும் பிழை. வாசலிலுள்ள குழாயைத் திறந்து, தெளியும் வரை ஓடவிட்டு, அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றுதல் நன்று.

போர்ட்டிக்சன் பக்கத்திலுள்ளோர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு நிலத்தில் செம்பூரான் கல் மிகுதி. அதன் செந்நிறம் இரும்பினால் வந்ததே. அத்தகைய மண்ணில் தோண்டிய கிணற்று நீர் இறைக்கும்போது தெளிவாகவே இருக்கும். வாளியில் சிறிது நேரம் நின்றபின் பழுப்பேறும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுவதே காரணம். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராம் இரும்புக்கு மேல் இருந்தால் துணியில் கறை படியத் தொடங்கும். குடிநீருக்கு நம் நாடு வைத்துள்ள எல்லையும் அதுவே. பால் சேர்க்காத தேநீர் இதற்கு நல்ல சோதனை. இரும்பு மிகுந்த நீரில் போட்ட தேநீர் மைபோலக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் உண்டாவது கருநிறம். முற்காலத்தில் எழுதும் மையே இம்முறையில்தான் செய்யப்பட்டது.

குறை எங்குள்ளது என்று கண்டறிவது கடினமன்று. லயத்தில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் சிவந்து வந்தால் குறை பொதுக் குழாயில். ஒரு வீட்டில் மட்டும் வந்தால் அவ்வீட்டுக் குழாயிலோ தொட்டியிலோ உள்ளது. வாசல் குழாயில் தெளிவாகவும் சமையலறைக் குழாயில் கலங்கலாகவும் வந்தால் கூரைமேல் உள்ள தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகத் திறவாத தொட்டியின் அடியில் நான்கு விரற்கிடை சேறு இருப்பதைக் கண்டு வியந்த குடும்பங்கள் உண்டு. ஆண்டுக்கு இருமுறையேனும் தொட்டியைத் துடைத்துக் கழுவி இறுக மூடுதல் வேண்டும். மூடி விலகிய தொட்டி ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் என்பதைச் சுகாதார அதிகாரிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சில நேரங்களில் குழாய் நீர் பால்போல் வெளுத்து வரும். அதனைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்து வந்தால் அது காற்று. சுண்ணாம்பும் இல்லை, மருந்தும் இல்லை. அஞ்சாமல் குடிக்கலாம்.

இனி, வீட்டு வாசலுக்கு வரும் விற்பனையாளரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். அவர் இரண்டு குவளைகளை மேசைமேல் வைப்பார். ஒன்றில் நம் குழாய் நீர். மற்றொன்றில் தம் கருவி வடிகட்டிய நீர். இரண்டும் தெளிவாகவே இருக்கும். பின்பு இரும்பும் அலுமினியமுமான கம்பிகள் பொருத்திய கருவி ஒன்றை அவற்றில் இறக்கி மின்சாரத்தைப் பாய்ச்சுவார். சிறிது நேரத்தில் நம் குழாய் நீர் மஞ்சளித்து, பசுமை கலந்து, பின் பழுப்புச் சேறாகித் திரளும். அவருடைய நீரோ பெரிதும் மாறாமல் நிற்கும். “இதையா உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். பெற்ற தாய் வேறென்ன செய்வாள்? கையெழுத்திடுவாள்.

அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. நீரில் சிறிதளவு உப்பு கரைந்திருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரியும். இதற்கு மின்பகுப்பு என்று பெயர். உப்பு முழுவதும் நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆகவே கம்பி கரையாது, சேறும் வராது. வித்தையின் மறைபொருள் இவ்வளவே. ஐயமிருந்தால் விற்பனையாளரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள்: அவருடைய தூய நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பை இட்டு, அதே கம்பிகளை இறக்கச் சொல்லுங்கள். நம் உணவில் நாள்தோறும் சேரும் அந்த உப்பு, அவருடைய நீரையும் சேறாக்கிக் காட்டும். (மாணவர்கள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதனை ஒருபோதும் செய்து பார்க்கலாகாது, உயிருக்குக் கேடு.)

கையில் எண் காட்டும் சிறு கருவி கொண்டு வருவோரும் உண்டு. அது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்லுமேயன்றி, அவை நல்லனவா தீயனவா என்று சொல்லாது. அதனை இளநீரில் வைத்தால் எண் பன்மடங்கு உயரும். அதற்காக இளநீரை நஞ்சென்று எவரும் கூறார். சொட்டு மருந்து விட்டு நீர் மஞ்சளாவதைக் காட்டுவது மற்றொரு முறை. குளோரின் இருப்பதையே அந்த மஞ்சள் காட்டுகிறது. ஒரு லிட்டரில் 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-ஆம் ஆண்டில் நகர நீர் முழுவதற்கும் குளோரின் கலக்கும் முறை நிலையாகத் தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவி, நீரால் பரவும் குடற்காய்ச்சலும் பேதியும் பெரிதும் குறைந்தன. வாடை பிடிக்காதவர்கள் நீரைக் காய்ச்சினால் அது போய்விடும். காய்ச்சிய நீருக்குக் காவல் இல்லையாதலால் மூடி வைக்க வேண்டும். கடின நீரால் உடல்நலம் கெடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. மென்னீர் பருகும் நம்மிடம் கடின நீரின் பெயரைச் சொல்லி அச்சுறுத்துவது இருமடங்கு பொருத்தமற்றது.

கருவியின் தவணை மாதம் நூறு ரிங்கிட், மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,600 ரிங்கிட். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆகவே இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் ஒரு பெட்டிக்குப் போகிறது. வாங்கிய பின் மனம் மாறினால் வழியுண்டு என்பதைப் பலர் அறியார். 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி, வீடு தேடி வந்து செய்த விற்பனை ஒப்பந்தத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்து இரத்துச் செய்யலாம். ஒப்பந்தத் தாளைப் பெட்டிக்கடியில் வைத்து மறந்துவிடாமல், அன்றே தேதியைப் பார்த்து வைத்தல் வேண்டும்.

வடிகட்டியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. துருவும் வண்டலுமே நம் குறை. அதற்கு மணல் நிரப்பிய எளிய வடிகட்டி போதும். வாரம் ஒருமுறை அதனைப் பின்னோட்டமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். கரித்துண்டுகள் நிரப்பிய வடிகட்டி குளோரின் வாடையை நீக்கும். உரிய காலத்தில் மாற்றாவிடில் அதிலேயே கிருமி குடியேறும். நீரை மென்மையாக்கும் கருவியோ, ஏற்கெனவே மென்மையான நம் நீர்க்குச் சற்றும் தேவையற்றது. மழையில் நனைந்தவன்மேல் தண்ணீர் தெளிப்பது போன்றது அது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், துரு போகாது. துரு போக வேண்டுமாயின் குழாய் மாற வேண்டும்.

குழாய் மாற்றும் பொறுப்பு யாருடையது? மாநிலத்தின் நீர் வழங்கீட்டை 2009-ஆம் ஆண்டு முதல் நெகிரி செம்பிலான் நீர் நிறுவனம் ஏற்று நடத்துகிறது. அதன் பொறுப்பு மீட்டர் வரைக்குமே. மீட்டரைக் கடந்த குழாய் இடத்துக்கு உரியவரைச் சேர்ந்தது. தோட்டத்தின் முகப்பில் ஒரே மீட்டர் இருந்தால் அதற்கு உட்பட்ட குழாய்கள் தோட்டத்தினுடையவை. தொழிலாளர்க்கு வீடு தரும் முதலாளி போதுமான குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் கூறுகிறது. ஆகவே லயம் முழுவதும் சிவந்த நீர் வந்தால், வீட்டுக்கொரு கருவி வாங்குவதைவிட எல்லாரும் கையொப்பமிட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது மலிவு. கடிதத்தில் நாள், நேரம், எந்தெந்த வீடுகளில் எத்தனை நிமிடம் கலங்கி வந்தது என்பனவற்றைக் குறிப்பிடுக. வெறும் “தண்ணீர் சரியில்லை” என்பது எந்த அலுவலகத்திலும் அசையாது.

தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது பள்ளிச் சட்டையில் படிந்த பழுப்புக் கறையைப் பற்றியே. இதற்கு வெளுப்பு மருந்தை ஊற்றுவது வழக்கமாக உள்ளது, அது தவறு. குளோரின் கலந்த வெளுப்பு மருந்து நீரிலுள்ள இரும்பை மேலும் துருவாக்கி நூலோடு பிணைத்துவிடும். துருவைக் கரைப்பது அமிலம். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கிய பாட்டியார் அறிந்த அதே முறைதான். கறையின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, சிறிது உப்புத் தூவி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, பின் தெளிந்த நீரில் நன்றாக அலசுக. வெளுப்பு மருந்தும் எலுமிச்சையும் ஒருசேரக் கலக்கலாகாது. நச்சு வாயு எழும். ஒருமுறையில் கறை போகாவிடில் மறுநாளும் அவ்வாறே செய்க. சட்டையை ஊறவைக்கும் நீரை முதல் வாளியில் பிடிக்காமல், குழாய் தெளிந்த பிறகு பிடிக்க வேண்டும்.